சுபாவின் மூன்றாம் சுற்று

மாநிலப் போட்டியின் கடைசி நாள். தருமபுரி உள்விளையாட்டரங்கத்தில் உட்கார இடமில்லாமல் ஜன்னல் விளிம்புகளில்கூட ஆட்கள் ஏறியிருந்தார்கள். ஐம்பத்துநான்கு கிலோ பெண்கள் பிரிவின் இறுதிச் சுற்றில் மோதிய இரண்டு பேருமே இந்த மாவட்டத்துக்காரர்கள் என்பதுதான் அத்தனை கூட்டத்துக்கும் காரணம். சிவப்பு மூலையில் பொம்மிடிக்குப் பக்கத்துப் பள்ளிப்பட்டி சுபா. நீல மூலையில் தீர்த்தமலை அடிவாரத்து பிரியதர்ஷினி.

மணிமேகலை மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அரசுப் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அன்றைக்கு அவளுக்கு வேறு வேலை. ஊக்கமருந்து சோதனைக்கு வந்திருந்த குழுவுக்கு உள்ளூரில் ஒரு பெண் உதவியாளர் தேவைப்பட்டது. பயிற்சி முடித்திருந்த மணிமேகலையைக் கூப்பிட்டிருந்தார்கள். இந்தப் பிரிவில் யார் ஜெயிக்கிறாளோ அவள் மேடையை விட்டு இறங்கிய நொடியிலிருந்து சிறுநீர் மாதிரி கொடுத்து முடிக்கும்வரை மணிமேகலையின் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும். அதுதான் வேலை.

முதல் சுற்று பிரியதர்ஷினிக்குப் போனது. உயரமான பெண். இடது கையை நீட்டி நீட்டி எட்டத்திலேயே சுபாவை நிறுத்திவிட்டாள். இரண்டாம் சுற்றில் சுபா உள்ளே புகுந்து விலாவில் சில குத்துகள் வைத்தாள். ஆனாலும் அது யாருக்கு என்று சொல்ல முடியாத சுற்று. இருவருக்குமே வாய் திறந்துவிட்டது. எடைக்காகத் தண்ணீர் குடிக்காமல் உடம்பைக் காயப்போட்டவர்கள் இந்த நேரத்தில்தான் அதற்கான கூலியைக் கொடுப்பார்கள். கால் கனக்கும், கை தாழும்.

மூன்றாம் சுற்று மணி அடித்ததும் சுபா எழுந்து வந்த விதத்தைப் பார்த்து மணிமேகலைக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்போதுதான் வீட்டிலிருந்து கிளம்பி வந்தவள் போல வந்தாள். பிரியதர்ஷினியின் இடது கை நீளும்போதெல்லாம் தலையை அதற்கு வெளியே நழுவவிட்டு வலது கையைத் தாடைக்கு அனுப்பினாள். பின்வாங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. கயிற்றோடு சாய்ந்துவிட்ட பிரியதர்ஷினி கைகளால் முகத்தை மூடிக்கொண்டதுதான் மிச்சம். கடைசி நிமிடத்தில் அரங்கமே எழுந்து நின்றது. தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். ஐந்து நடுவர்களில் நான்கு பேர் சுபாவுக்குக் கொடுத்தார்கள்.

நடுவர் சுபாவின் கையைத் தூக்கியபோது கீழே நின்றிருந்த அவள் அண்ணன் அமல்தாஸ் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான். அவன்தான் அவளுக்குப் பயிற்சியாளர். தக்காளி மண்டிக்கு டெம்போ ஓட்டுகிறவன். தானே கொஞ்ச காலம் குத்துச்சண்டை ஆடி, தோள் எலும்பு நழுவியதால் விட்டவன். அப்பா இறந்த பிறகு தங்கையின் கையில் உறை மாட்டிவிட்டவன் அவன்தான்.

சுபா பதக்கம் வாங்கிய கையோடு மணிமேகலை அவளிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். "கழுத்துல பதக்கத்தோட அப்பிடியே வாம்மா. ரூம்ல டாக்டர் இருக்காங்க. மாதிரி குடுத்துட்டா அப்புறம் நீ எங்க வேணும்னாலும் போலாம்."

"அதுக்கென்னாங்க டீச்சர்" என்று சிரித்தாள் சுபா. "ஆனா வருமானு தெரியல. உடம்புல தண்ணியே இல்ல."

அவள் சொன்னபடியேதான் ஆயிற்று.

சோதனை அறை என்பது அரங்கத்தின் பின்பக்கம் மேசை டென்னிஸ் பலகைகள் அடுக்கியிருந்த அறை. அதில் நாற்காலி போட்டு, மூடி உடைக்காத தண்ணீர் பாட்டில்களை வைத்து, கதவுக்கு வெளியே பெயர்ப்பலகை ஒட்டியிருந்தார்கள். டாக்டர் சசிகலா சேலத்திலிருந்து வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பருத்திச் சேலை, பெரிய கண்ணாடி. விளையாட்டு மருத்துவம் படித்தவர். சுபா வரும்போதே எழுந்து நின்று கை கொடுத்தார்.

"அந்த கடைசி ரவுண்ட நான் கதவுகிட்ட நின்னு பார்த்தேன். நான் எத்தனையோ பேர பாத்திருக்கேன் கண்ணு. அப்பிடி ஒரு ரவுண்டு அபூர்வம்."

துணைக்கு ஒருவர் வரலாம் என்பதால் அமல்தாஸும் உள்ளே வந்து உட்கார்ந்தான். சுபா தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். நிறையக் குடித்தால் மாதிரி நீர்த்துப்போய் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கழிப்பறைக்குப் போனாள், மணிமேகலையும் கூடவே போனாள். ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்தார்கள். வெளியே அடுத்த எடைப்பிரிவுக்காரர்களுக்குக் கூட்டம் கத்துவது கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடி போனார்கள். மறுபடியும் இல்லை.

"அவசரமே இல்ல" என்றார் டாக்டர். "குத்துச்சண்டைக்காரங்க எப்பவுமே லேட்டுதான். ஓட்டக்காரங்க சீக்கிரம் குடுத்துட்டுப் போயிடுவாங்க."

சுபாவுக்கு வெட்கமாக இருந்தது போல. பேச்சை மாற்ற, "இந்த டெஸ்ட்டெல்லாம் எப்பலருந்து டாக்டர்? முன்னாடில்லாம் யாருமே மருந்து சாப்பிட்டது இல்லியா?" என்று கேட்டாள்.

டாக்டர் சிரித்தார். அது அவருக்குப் பிடித்த விஷயம் என்று முகத்திலேயே தெரிந்தது.

"சாப்பிடாத காலம்னு ஒண்ணு இருந்தாத்தானே? ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கிரேக்க நாட்டுல கையில தோல்வார சுத்திக்கிட்டு குத்திக்கிட்டாங்க. அவங்க அத்திப்பழம் தின்னாங்க, மூச்சு முட்டற அளவுக்கு மாட்டுக்கறி தின்னாங்க. காளையோட விரைய தின்னா காளை பலம் வரும்னு நம்பினவங்களும் இருந்தாங்க."

"நம்ம ஊர்லயும் அதானேங்க" என்றான் அமல்தாஸ். "எங்கப்பா எனக்கு ஆட்டு ரத்தம் பொரிச்சுக் குடுப்பாரு. ஆட்டு மண்ணீரல், சுவரொட்டிம்பாங்களே, அத வாங்கியாந்து சுட்டுத் தருவாரு. நான் இவளுக்கு தெனமும் காலைல நாட்டுக்கோழி முட்ட, மேல நல்லெண்ணெய். மூக்கப் புடிச்சிக்கிட்டு முழுங்குவா."

"அதுல தப்பே இல்ல" என்றார் டாக்டர். "கொஞ்சம் வேகவெச்சா இன்னும் நல்லது."

அப்புறம் அவர் இங்கிலாந்துக்குப் போனார். உறையே போடாமல் வெறும் முட்டியால் குத்திக்கொண்ட காலம். தோல் தடிக்கட்டும் என்று கையையும் முகத்தையும் உப்புத் தண்ணீரில், காடியில் ஊறவைத்துக்கொண்டார்களாம். பேதிக்குக் கொடுத்து வயிற்றைக் காலி பண்ணி, கம்பளிகளை மேலே மேலே போர்த்தி வேர்க்கவைத்து, பாதி வெந்த மாட்டுக்கறி கொடுத்து ஆளைத் தயார் பண்ணினார்களாம்.

"ஊறுகா போடற மாதிரியா?" என்று சுபா சிரித்தாள்.

"அதேதான். அதுக்கப்புறம் வந்ததுதான் பயங்கரம். நூறு நூத்தம்பது வருஷம் முன்னாடி சுத்துக்கு நடுவுல வாயில பிராந்தி ஊத்துவாங்க. கொக்கெயின் குடுப்பாங்க. ஸ்டிரிக்னின்னு ஒண்ணு. அது என்னான்னு நெனைக்கிறீங்க? எட்டிக்கொட்டைல இருக்கற விஷம்."

"எட்டியா?" அமல்தாஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஆடுகூட வாய வெக்காதுங்களே அதுல!"

"துளி அளவு குடுத்தா நரம்பு முறுக்கிக்கும். தளந்து போன ஆளு வெடுக்குனு எந்திரிப்பான். அளவு கொஞ்சம் கூடுனா வலிப்பு வந்து செத்துருவான். தெரிஞ்சேதான் குடுத்தாங்க, தெரிஞ்சேதான் குடிச்சாங்க. அப்ப அது குத்தமும் இல்ல. தடை பண்ண சட்டமே இல்ல."

மணிமேகலையும் பேச்சில் சேர்ந்துகொண்டாள். "ஏங்க டாக்டர், பாதிப் பேரு ஏமாத்துக்காரங்க, பாதிப் பேரு முட்டாளுங்கனு சொல்லிறலாமா?"

"சொல்ல மாட்டேன்" என்றார் சசிகலா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்களே யோசிங்க. எதிர்ல ஒருத்தன் உங்க மூஞ்சிய உடைக்க நிக்கறான். கயித்துக்குள்ள போனா காப்பாத்த ஆள் இல்ல. அப்பிடியும் போனாங்களே. அந்த தைரியம் எந்த பாட்டில்லயும் கெடைக்காது. மூலைல நின்னவங்களும் கெட்டவங்க இல்ல. நம்ம ஆளு அடி வாங்காம வரணுமேங்கற தவிப்பு. கைல கெடச்சத ஊத்துனாங்க. அந்த தவிப்பாலதான் இதுக்கு முடிவே இல்ல. உலகப்போருக்கு அப்புறம் தூக்கம் வராத மாத்திரை வந்துச்சு. பின்னாடி சதை ஏத்துற ஊசி. எடைப்பிரிவு வந்ததும் எடை குறைக்கணும்னு நீர் பிரியற மாத்திரை. ஒண்ணக் கண்டுபுடிச்சுத் தடுத்தா அடுத்தது."

"இப்ப என்னாங்க பண்றாங்க?" என்று கேட்டாள் சுபா.

"இப்பவா? இப்ப மருந்துகூட வேணாம். காலைல எடை பாக்கற வரைக்கும் உடம்ப வத்தவெச்சு, எடை பாத்து முடிச்ச உடனே ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கறாங்க. வாயால குடிச்சா வயிறு தாங்கற அளவுதான் உள்ள போவும். நரம்புல ஏத்துனா மொத்தமும் ரத்தத்துலயே போயி உக்காந்துக்கும். ஆஸ்பத்திரில சேத்து வைத்தியம் பாத்தா வேற. போட்டிக்குத் தெம்பா ஏத்திக்கறது தடை. நம்ம ஜனங்க அத ஒரு விஷயமாவே நெனைக்கறது இல்ல. காய்ச்சல்னாலும் குளுக்கோஸ், களைப்புனாலும் குளுக்கோஸ்..."

டாக்டர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஆனால் மணிமேகலை சுபாவைத்தானே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? பார்த்தாள். சுபா கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அமல்தாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிறிது நேரத்தில் சுபா எழுந்து, "வருதுங்க டீச்சர்" என்றாள்.

கழிப்பறை வரைக்கும் போனவள் கதவைத் திறக்காமல் நின்றுவிட்டாள்.

"டீச்சர், எனக்கு இன்னிக்கு காலைல குளுக்கோஸ் ஏத்துனாங்க."

மணிமேகலை வராந்தாவில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

சுபா தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு போனாள். முந்தின நாள் சாயங்காலம் அரை கிலோவுக்கும் மேல் கூடுதலாக இருந்திருக்கிறது. அண்ணன் அவள் உடம்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றி, மேலே இரண்டு ஸ்வெட்டர் போட்டு, வத்தல்மலை வளைவுச் சாலையில் ஓடவிட்டிருக்கிறான். பின்னால் பைக்கில் அவன். ராத்திரி தண்ணீர் இல்லை. காலையில் எச்சிலைக்கூடத் துப்பிவிட்டுத் தராசில் ஏறியிருக்கிறாள். எடை சரியாக நின்றது. இறங்கியதும் கண் இருண்டு விழுந்துவிட்டாள். அத்தை வீட்டுக்குத் தூக்கிப்போய்ப் பக்கத்து வீட்டு நர்ஸைக் கூப்பிட்டு, ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டி ஏற்றியிருக்கிறார்கள்.

"ஒரு பாட்டில் முடிஞ்சு ரெண்டாவது பாதி போச்சு. அப்பிடியே தூங்கிட்டேன். எந்திரிச்சப்ப புதுசா பொறந்த மாதிரி இருந்துச்சுங்க. தடைன்னு சத்தியமா தெரியாது. எங்க அண்ணனுக்கும் தெரியாதுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "இது டெஸ்ட்ல தெரியுமா?"

மணிமேகலைக்குப் பொய் சொல்ல வரவில்லை. "உப்புத்தண்ணி, சக்கரத்தண்ணி தானே. அது தெரியறது கஷ்டம்னுதான் நான் கேள்விப்பட்டேன்."

சுபா தலையாட்டினாள். உள்ளே போய் மணிமேகலையின் கண் முன்னாலேயே மாதிரியைக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது வராந்தாவில் அமல்தாஸ் நின்றிருந்தான். மணிமேகலை இருப்பதைப் பற்றிக்கூட அவன் கவலைப்படவில்லை. "டாக்டர் கேப்பாங்க, என்னா மருந்து எடுத்தீங்கனு. காய்ச்சல் மாத்திரனு மட்டும் சொல்லு. சுபா, காதுல விழுதா? எல்லா ஊர்லயும் ஏத்துறாங்க. நீ ஒருத்தி மட்டும் சொல்லி என்னாத்த ஆவப்போவுது? தேசியப் போட்டிக்குப் போற நாளு இது. அப்பா இருந்தா..."

"அப்பாவ இழுக்காதண்ணா" என்றாள் சுபா.

அறைக்குள் டாக்டர் மாதிரியை இரண்டு குப்பிகளில் பிரித்து, சுபாவையே மூடி முறுக்கிச் சரிபார்க்கச் சொன்னார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். "கடைசி ஒரு வாரத்துல மாத்திரை, ஊசி, சத்து மாவு எதாச்சும்?"

"காய்ச்சல் மாத்திர மட்டுந்தாங்க" என்றான் அமல்தாஸ்.

"குளுக்கோஸ் ஏத்துனேன் டாக்டர்" என்றாள் சுபா. "இன்னிக்கு காலைல. வூட்லயே. ஒண்ணரை பாட்டில்."

டாக்டரின் பேனா நின்றது. அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. சுபாவை மட்டும் பார்த்தார்.

"கண்ணு, நீ சொல்றத நான் அப்பிடியே எழுதித்தான் ஆகணும். எழுதுனா அது என் கையில நிக்காது. பதக்கம் போகலாம். தடை வரலாம்."

"தெரியுதுங்க."

"ஏன்டி!" அமல்தாஸ் எழுந்துவிட்டான். "யாரு கேட்டா உன்ன? எவனுக்குத் தெரியப்போவுது?"

சுபா அண்ணன் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

"எனக்குத் தெரியுதேண்ணா. அந்த மூணாவது ரவுண்டு இருக்கே, இத்தினி வருஷத்துல நான் அப்பிடி ஆடுனதே இல்ல. ஊரே எந்திரிச்சு நின்னுச்சு. டாக்டரே கதவுகிட்ட நின்னு பாத்தேன்னாங்க. அது நான் ஆடுனதா, அந்த பாட்டில் ஆடுனதானு இனிமே எனக்கு எப்பிடித் தெரியும்? சொல்லாம வெச்சிக்கிட்டா சாவுற வரைக்கும் அதையே யோசிச்சிக்கிட்டு கெடக்கணும். அந்தப் பொண்ணு பிரியதர்ஷினி வாயால கஞ்சி குடிச்சிட்டு வந்து நின்னுருக்கா. நான் ஒண்ணரை பாட்டில் தண்ணிய ரத்தத்துல வெச்சிக்கிட்டு அவ தாடைல குத்தியிருக்கேன்."

டாக்டர் எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கிய பிறகு எழுந்து வந்து சுபாவின் தலையில் கை வைத்தார். மணிமேகலை ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று காலையிலிருந்து அவள் எத்தனையோ பேர் தைரியமாகக் குத்து வாங்குவதைப் பார்த்திருந்தாள். இது வேறு.

அமல்தாஸ் அன்று தங்கையை விட்டுவிட்டுத் தனியாக டெம்போவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சுபாவைப் பேருந்து ஏற்றி, பள்ளிப்பட்டி வரைக்கும் கூடவே போய் விட்டுவந்தது மணிமேகலைதான்.

விசாரணை காணொளியில் நடந்தது. மணிமேகலை தன் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையைத் திறந்துகொடுத்தாள். சுபா தயாராக உட்கார்ந்திருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு அமல்தாஸ் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரியிருந்தான். இத்தனை நாளும் தங்கையோடு ஒரு வார்த்தை பேசாதவன் நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரையின் முன்னால் உட்கார்ந்தான்.

"வணக்கங்க. ஓடச் சொன்னது நான். பிளாஸ்டிக் சுத்துனது நான். நர்ஸக் கூட்டியாந்தது நான். இந்தப் பொண்ணு அப்ப நெனப்பே இல்லாம கெடந்துச்சு. வேணாம்னு சொல்றதுக்குக்கூட அதுக்கு வாய் இல்ல. உண்மையச் சொன்னது மட்டுந்தான் அது செஞ்சது. தண்டனை எதுன்னாலும் எனக்குக் குடுங்க."

சுபா அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் உதறவில்லை.

தண்டனை இருவருக்கும் வந்தது. சுபாவின் வெற்றி ரத்தானது, பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆறு மாதம் எந்தப் போட்டியிலும் ஆடக்கூடாது. தானாகச் சொல்லியிருக்காவிட்டால் இந்த வழக்கே வந்திருக்காது என்று தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். அதனால்தான் ஆறு மாதத்தோடு நின்றது. அமல்தாஸ் இரண்டு வருடம் யாருக்கும் பயிற்சி கொடுக்கவோ மூலையில் நிற்கவோ கூடாது. கேட்டுக்கொண்டு, "நியாயந்தான்" என்று மட்டும் சொன்னான்.

தங்கம் பிரியதர்ஷினிக்கு என்று அறிவிப்பு வந்த வாரம் சுபா மணிமேகலைக்குப் போன் செய்தாள். "டீச்சர், தீர்த்தமலைக்கு வர்றீங்களா? தனியாப் போவ ஒரு மாதிரியா இருக்கு."

அரூரில் பஸ் மாறிப் போனார்கள். அது கிருத்திகை நாளோ என்னவோ, மலைக்குப் போகிற கூட்டம் பஸ்ஸில் நெருக்கியது. பிரியதர்ஷினியின் வீடு கரும்புத் தோட்டத்துக்கு நடுவில். தோட்டத்தில் அம்மாவோடு கரும்பின் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டிருந்தவள் இவர்களைக் கண்டதும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தியா?" என்றாள்.

"ஆமா" என்றாள் சுபா. "அப்புறம் நடந்தத நேர்ல சொல்லணும்னு. பேப்பர்ல என்னாத்தையாச்சும் எழுதுவாங்க."

வரப்பிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மலையில் ஓடியது, விழுந்தது, ஜன்னல் கம்பியில் பாட்டில், எல்லாம். பிரியதர்ஷினி குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் அவள் கேட்ட கேள்வியை மணிமேகலை எதிர்பார்க்கவே இல்லை.

"அப்ப நான் மோசமா ஆடலியா?"

"எப்ப?"

"மூணாவது ரவுண்டுல. என் கை மேலயே வரல. உன்னப் பாத்தா மூச்சே வாங்காம நிக்கற. நானும் நீயும் ஒரே எடை, ஒரே மாதிரி காஞ்சு வந்திருக்கோம், உனக்கு மட்டும் எப்பிடி இந்தத் தெம்புனு நெனச்சேன். என் உடம்பே இதுக்கு லாயக்கு இல்லனு முடிவு பண்ணிட்டேன். வந்த அன்னிக்கே உறையத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். தங்கம் உனக்குத்தான்னு போன் வந்தப்பகூட தேசியப் போட்டிக்கு நான் போவலனுதான் சொன்னேன்."

சுபா அவள் கையைப் பிடித்தாள். "லூசு. மொத ரவுண்டுல உன் இடது கை எங்கருந்து வந்துச்சுனே எனக்குத் தெரியல. ஒரு வாரம் என் பல்லு ஆடிக்கிட்டு இருந்துச்சு. மூணாவது ரவுண்டு உனக்குக் கை வராதது உன் தப்பு இல்ல. காஞ்ச உடம்பு அப்பிடித்தான் இருக்கும். எனக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கணும்."

பிரியதர்ஷினியின் அம்மா அதற்குள் கரும்புச் சாறும் அவித்த கடலையும் கொண்டுவந்து வைத்திருந்தாள். இரண்டு பெண்களும் வரப்பில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, அந்தச் சண்டையை முதல் குத்திலிருந்து ஆடிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே நீ தோளைத் தூக்கினாய், இங்கே நான் ஏமாந்தேன் என்று ஒரே பேச்சு. அந்த வாரமே பிரியதர்ஷினி பரணிலிருந்து உறையை இறக்கினாள் என்று பின்னால் தெரிந்தது. தேசியப் போட்டிக்குப் போய்க் காலிறுதி வரைக்கும் வந்தாள்.

தடை முடியும்வரை சுபா எந்தக் குத்துச்சண்டைச் சங்கத்துக்குள்ளும் கால் வைக்கவில்லை. மாட்டுக் கொட்டகை விட்டத்தில் மணல் மூட்டை கட்டித் தானே குத்தினாள். விடியலில் சும்மா ஒரு பனியனோடு ஓடினாள். மூன்று வேளையும் சாப்பிட்டாள். களி, கீரை, மீன் கிடைத்தால் மீன். சில மாதங்களில் அவள் உடம்பு தானாகவே ஐம்பத்தேழில் போய் நின்றது. தோள் திரண்டது, முகத்தில் எலும்பு மறைந்தது. "இத்தினி வருஷமா இந்த உடம்பத்தான் நாங்க பட்டினி போட்டு ஒளிச்சு வெச்சிருந்தோம்" என்று அமல்தாஸ் மணிமேகலையிடம் சொன்னான். அவன் அதைச் சொன்னபோது வெட்கத்தோடுதான் சொன்னான்.

தடை நீங்கியதும் யாரிடம் போவது என்ற கேள்வி வந்தது. அண்ணனிடம் கற்றுக்கொள்ள முடியாது. பிரியதர்ஷினியே அரூரில் தன் பயிற்சியாளர் ராஜாமணியிடம் கூட்டிப்போனாள். அவர் சுபாவை மேலும் கீழும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்த எடைல ஆடப்போற?"

"சாப்பிட்டு நிக்கற எடைலங்க."

"அப்ப உள்ள வா" என்றார்.

அடுத்த மாநிலப் போட்டி சேலத்தில் நடந்தது. மணிமேகலை இந்த முறை உதவியாளராக இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு பார்வையாளராகப் போயிருந்தாள். கேலரியில் அமல்தாஸுக்குப் பக்கத்து இருக்கை. மூலையில் நிற்கத்தான் தடை, கேலரியில் கத்தத் தடை இல்லை என்று அவன் தொண்டை கட்டும்வரை கத்தினான். எடை பார்த்த காலையில் சுபா மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டுத் தராசில் ஏறினாள் என்பதை யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஐம்பத்தேழில் பெண்கள் பலமானவர்கள். சுபா முதல் இரண்டு சண்டைகளை ஜெயித்தாள். அரையிறுதியில் சென்னைப் பெண் ஒருத்தி வந்தாள். தேசிய முகாமில் இருந்தவள். முதல் சுற்றிலேயே சுபாவின் உதடு கிழிந்தது. ஆனாலும் அவள் முன்னால் போவதை நிறுத்தவில்லை. இரண்டாம் சுற்றில் எதிராளியை மூலையில் அடைத்து விலாவில் வைத்த குத்து கேலரி வரைக்கும் கேட்டது. கடைசிச் சுற்றில் இருவருமே களைத்துவிட்டார்கள். சுபாவின் கால்கள் கனத்தன, மூச்சு சத்தமாக வந்தது, ஒருமுறை முழங்கால்கூட மடங்கியது. அப்படியே நின்று, குத்துக்குக் குத்து கொடுத்தாள். மணிமேகலைக்கு அந்தச் சுற்று தருமபுரியில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. மூன்று நடுவர்கள் சென்னைப் பெண்ணுக்கும் இரண்டு பேர் சுபாவுக்கும் கொடுத்தார்கள். வெண்கலம்.

ஜெயித்தவள் கயிற்றைத் தாண்டி வந்து சுபாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்கதானே அந்த தருமபுரி சுபா?" என்று கேட்டாளாம். சுபாவுக்கு அப்போதுதான் தெரிந்தது, அந்தக் கதை சென்னை வரைக்கும் போயிருக்கிறது என்று. அந்தப் பெண்ணின் பயிற்சியாளர் தன் பிள்ளைகளுக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதை அந்த ஆண்டோடு நிறுத்திவிட்டாராம்.

மறுநாள் ஐம்பத்துநான்கு கிலோவில் பிரியதர்ஷினி தங்கம் வாங்கினாள். எல்லோரும் அமல்தாஸின் டெம்போவில்தான் திரும்பினார்கள். முன்னால் அவனும் ராஜாமணியும், பின்னால் தார்ப்பாயின் கீழ் இரண்டு பெண்களும் மணிமேகலையும். தொப்பூர் கணவாய் ஏறுவதற்கு முன்னால் லாரிக்காரர்கள் நிற்கிற ஒரு சாப்பாட்டுக் கடையில் வண்டியை ஓரங்கட்டினான். உதட்டில் தையல் போட்டிருந்ததால் சுபாவால் வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. பரோட்டாவைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, குருமாவில் நனைத்து, இடது பக்கமாகத் தள்ளித் தள்ளித் தின்றாள். காரம் பட்டதும் "ஸ்ஸ்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். பிரியதர்ஷினி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள்.

"போதுமா, இன்னொன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டான் அமல்தாஸ்.

"ரெண்டு சொல்லுண்ணா" என்றாள் சுபா. "அப்பிடியே ஒரு ஆம்லெட்டும்."